எர்-சென் தாங்: சளி மருந்தா, வயிற்று மருந்தா?

எர்-சென் தாங் ஒரு பழைய சீன மூலிகைக் கஷாயம். சீனாவில் ஒரு மருந்துக் கடையில் அதன் மாத்திரை வடிவமான எர்-சென் மாத்திரையை வாங்கினால், சளி மிகுந்த இருமலுக்கு, நெஞ்சும் மேல்வயிறும் உப்பி அடைத்துக்கொண்டிருப்பதற்கு, குமட்டல் வாந்திக்கு என்று அட்டையில் போட்டிருக்கும். இதே கஷாயத்தை ஜப்பானில் நிச்சின்தோ என்ற பெயரில் குருணையாக விற்கிறார்கள். ட்சுமுரா நிறுவனத்தின் 81ஆம் எண் பாக்கெட் அதுதான். அதில் இருமல் என்ற பேச்சே கிடையாது, குமட்டலும் வாந்தியும் மட்டும்தான். இணையத்தில் தேடினாலோ உடல் பருமன், தலைசுற்றல், தூக்கமின்மை, உடம்பில் வரும் கொழுப்புக்கட்டி என்று பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. சளியை வெளியேற்றும் சீனக் கஷாயம் என்று கேள்விப்பட்டு வாங்க நினைப்பவர் இதில் எதை நம்புவது?

சுருக்கமாகச் சொன்னால், இது பிறப்பால் வயிற்று மருந்து. சளி மருந்து என்ற பெயர் பின்னால் வந்து ஒட்டிக்கொண்டது. ஆனால் இதைச் செய்தவர்களின் கணக்குப்படி வயிறும் சளியும் ஒரே விவகாரம், அதனால் அவர்களுக்கு இதில் முரண்பாடு எதுவும் தெரியவில்லை. அந்தக் கணக்கு புரியாமல் அட்டையை மட்டும் படித்து வாங்கினால் தவறான ஆளுக்குத் தவறான மருந்து போய்ச்சேரும். அதைத்தான் கீழே அடியிலிருந்து பார்க்கப்போகிறோம்.

எங்கிருந்து வந்தது

சோங் வம்ச அரசு 1076-ல் தலைநகர் காய்ஃபெங்கில் ஒரு மருந்துக் கடையைத் திறந்தது. வாங் ஆன்ஷி என்ற அமைச்சரின் சீர்திருத்தக் காலம் அது. அரசே சரக்கு கொள்முதல் செய்து, பக்குவப்படுத்தி, பொட்டலம் கட்டி மக்களுக்கு விற்றது. அந்தக் கடைகளில் புழங்கிய மருந்து முறைகளைத் தொகுத்த புத்தகம் 1078-க்கும் 1085-க்கும் இடையில் முதலில் உருவாகி, 1107-லிருந்து 1110 வரை திருத்தப்பட்டு, 1151-ல் 'தாய்பிங் ஹுய்மின் ஹெஜி ஜு ஃபாங்' என்ற இன்றைய பெயரைப் பெற்றது. எர்-சென் தாங் நமக்குக் கிடைப்பது அதில்தான்.

எதற்கெல்லாம் கொடுக்கலாம் என்று அதில் எழுதியிருப்பவை: சளிநீரால் வரும் தொல்லைகள், வாந்தி, குமட்டல், தலைசுற்றல், படபடப்பு, நடுவயிற்றில் சங்கடம், குளிர்காய்ச்சல், பச்சையாகவும் சில்லென்றும் கண்டதைத் தின்று வயிறு கெட்டுப்போவது. இருமலைக் காணோம். ஆக ஜப்பான் பாக்கெட்தான் மூலத்துக்குப் பக்கத்தில் நிற்கிறது.

இருமலையும் மற்றதையும் உள்ளே கொண்டுவந்ததில் பின்னால் வந்த மருத்துவர்களுக்கு, முக்கியமாக ட்ஜூ டான்ஷிக்கு (1281–1358), பெரிய பங்கு உண்டு. இவர் ஒரு சுவாரசியமான ஆள். அரசு மருந்துக் கடைப் புத்தகம் எல்லோருக்கும் ஒரே பொட்டலத்தைக் கொடுக்கிறது, நோயாளியைப் பார்ப்பதே இல்லை என்று அந்தப் புத்தகத்தைத் தாக்கித் தனி நூலே எழுதியவர். ஆனால் அதே புத்தகத்தின் எர்-சென் தாங்கை மட்டும் கைவிடவில்லை. உடம்பில் எங்கே சளி இருந்தாலும் இதுதான் அடிப்படை, மேலே போக வேண்டுமென்றால் மேலே இழுக்கும் சரக்கைச் சேர், கீழே போக வேண்டுமென்றால் கீழே இழுப்பதைச் சேர் என்பது அவர் வழி. பொட்டல மருந்து, தேவைக்கேற்ப மாற்றிக்கொள்ளும் அடித்தளமாக ஆனது இப்படித்தான்.

சளி என்றால் இவர்கள் எதைச் சொல்கிறார்கள்

நவீன உடலியல் முதலில். மூச்சுக்குழாயின் உட்சுவரில் இருக்கும் கிண்ண வடிவச் செல்களும் சுரப்பிகளும் மியூசின் என்ற புரதத்தைச் சுரக்கின்றன. அது தண்ணீரை உறிஞ்சி வழவழப்பான படலமாகிறது. தூசியும் கிருமியும் அதில் ஒட்டிக்கொள்ள, சிலியா என்ற நுண்மயிர்கள் அதை மேல்நோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும், நாம் தெரியாமலே விழுங்கிவிடுகிறோம். படலம் அளவுக்கு மீறிச் சுரந்தாலோ, கெட்டியானாலோ, புகைபிடிப்பவர்களுக்கு ஆவதுபோல் நுண்மயிர்கள் செயலிழந்தாலோதான் அது தொண்டையில் வந்து நிற்கும் சளி. ஆங்கில மருந்துகள் இந்த இடத்தில்தான் கை வைக்கின்றன. உதாரணமாக அசிட்டைல்சிஸ்டீன் மியூசினைப் பிணைக்கும் கந்தகப் பிணைப்புகளை உடைத்து சளியை இளக்குகிறது.

சீன மருத்துவம் கேள்வியை வேறு இடத்தில் தொடங்குகிறது. இந்த ஈரம் ஏன் சேர்ந்தது என்பது அதன் கேள்வி. அவர்களுடைய படிப்படியான தர்க்கம் இது:

1. சாப்பாட்டையும் தண்ணீரையும் உடம்புக்குத் தேவையானதாக மாற்றும் வேலை மண்ணீரலுடையது. (நிஜ மண்ணீரல் ரத்தத்தை வடிகட்டுகிறது, செரிமானத்தில் அதற்கு வேலையில்லை. சீன மருத்துவத்தில் இது ஒரு செயல்பாட்டின் பெயர் என்று எடுத்துக்கொண்டால் போதும்.)
2. அந்தச் செயல்பாடு மந்தமானால் நீர் தேங்கும். தேங்கிய நீருக்குப் பெயர் ஈரம்.
3. ஈரம் நாள்பட்டால் கெட்டியாகிச் சளியாகும்.
4. சளி மேலே ஏறி நுரையீரலில் தங்கும். மண்ணீரல் சளியின் பிறப்பிடம், நுரையீரல் அதைச் சேர்த்துவைக்கும் பாத்திரம் என்று அவர்களிடம் ஒரு பிரபலமான வழக்குண்டு.
5. அது நுரையீரலோடு நிற்காது. வயிற்றில் தங்கினால் குமட்டல், தலைக்கு ஏறினால் சுற்றல், நெஞ்சில் தங்கினால் படபடப்பும் தூக்கமின்மையும். கண்ணுக்குத் தெரியாத சளி என்றே தனி வகை வைத்திருக்கிறார்கள்.

ஐந்தாவது படிதான் அந்த நீண்ட பட்டியலுக்குக் காரணம். அதுதான் இந்தக் கோட்பாட்டின் பலவீனமும்கூட. துப்பினால் வருகிற சளியை அளக்கலாம், சோதிக்கலாம். கண்ணுக்குத் தெரியாத சளி இருக்கிறதா இல்லையா என்று யாரும் நிரூபிக்கவும் முடியாது, மறுக்கவும் முடியாது. விளங்காத நோயா, சளியாக இருக்கும் என்று சொல்லிவிடுகிற வசதி இதில் இருக்கிறது.

நம் ஊர்க்காரர்கள் உடனே இது சித்த மருத்துவத்தின் கபம்தானே என்பார்கள். பக்கத்தில் இருக்கிறது, ஆனால் அது இல்லை. கபம் வாதம், பித்தத்தோடு சேர்ந்து ஆரோக்கியமான உடம்பிலும் தன் அளவில் இருக்க வேண்டிய ஒன்று. சீன மருத்துவத்தின் சளிக்கு அப்படி நல்ல அளவு என்று எதுவும் கிடையாது, அது எப்போதும் கழிவுதான். அதனால் கபத்தைக் குறைக்கும் மருந்துக்குப் பதில் இது என்று மாற்றிப்போடுவது சரிவராது.

உள்ளே என்ன இருக்கிறது

நான்கு சரக்கு, கூடவே இரண்டு துணை. மூலநூல் அளவுப்படி பான்-ஷியா என்ற கிழங்கு 5 லியாங், ஆரஞ்சுத் தோல் 5, ஃபு-லிங் என்ற பூஞ்சை 3, அதிமதுரம் ஒன்றரை. சோங் கால லியாங் இன்றைய கணக்கில் சுமார் 40 கிராம். எல்லாவற்றையும் ஒன்றிரண்டாக இடித்து வைத்துக்கொண்டு, ஒரு வேளைக்குக் கொஞ்சம் எடுத்து, ஏழு துண்டு இஞ்சியும் புகையிட்டுக் கறுக்கவைத்த ஊ-மேய் என்ற புளிப்புக்காய் ஒன்றும் போட்டு, பத்தில் ஆறு பங்காகச் சுண்டவைத்து, வடிகட்டிச் சூடாகக் குடிக்க வேண்டும். இன்றைய பாடப்புத்தகங்கள் ஒரு நாளைக்கு 15, 15, 9, 4.5 கிராம் என்று கொடுக்கின்றன.

ஆரஞ்சுத் தோல் என்பது கமலா ஆரஞ்சின் காய்ந்த தோல், சென்-பி என்பார்கள். குவாங்டோங் மாகாணத்தின் ஷின்ஹுய் பகுதித் தோலுக்குத்தான் மவுசு. குறைந்தது மூன்று வருடம் வைத்துப் பழசாக்கினால்தான் அதற்கு மதிப்பு, பழசாகப் பழசாக விலை ஏறும், ஏறுகிற விலைக்கு ஏற்ப போலியும் ஏறும். வயிற்று உப்புசத்தை இறக்கி, தேங்கியதை நகர்த்துவது இதன் வேலை என்கிறார்கள். இதுவும் பான்-ஷியாவும் பழசாக இருந்தால்தான் உறுத்தாமல் வேலை செய்யும் என்பது நம்பிக்கை. மருந்தின் பெயரில் இருக்கும் 'இரண்டு பழையவை' இவைதான்.

ஃபு-லிங் பைன் மர வேரில் உருண்டையாக வளரும் பூஞ்சை. யுன்னான், ஆன்ஹுய், ஹூபெய் பக்கம் பயிராகவே செய்கிறார்கள். சிறுநீர் வழியாக ஈரத்தை வடியவைக்க இது. மாவுபோல் வெள்ளையாக, ருசியே இல்லாமல் இருக்கும். பெய்ஜிங்கில் இதைப் போட்டு மெல்லிய அப்பம்கூடச் செய்து விற்கிறார்கள். அதிமதுரம் நமக்குத் தெரிந்ததுதான், அங்கே பயன்படுவது பெரும்பாலும் அதன் நெருங்கிய சொந்தமான இன்னொரு இனம். இந்தக் கஷாயத்தில் தேனில் வறுத்துப் போடுவார்கள்.

பான்-ஷியா: மருந்தின் தலையும் தலைவலியும்

மருந்தில் பிரதானம் இதுதான், ஆபத்தும் இதில்தான். பான்-ஷியா ஒரு சிறு கிழங்கு. சேனை, கருணை, சேம்பு எல்லாம் எந்தத் தாவரக் குடும்பமோ அதே குடும்பம். அரைவேக்காட்டுக் கருணைக்கிழங்கைத் தின்றால் தொண்டை எப்படி அரிக்குமோ, அதைப் பல மடங்காக நினைத்துக்கொள்ளுங்கள். பச்சைப் பான்-ஷியாவைக் கடித்தால் நாக்கு எரிந்து மரத்துப்போகும், தொண்டை வீங்கும், குரல் அடைக்கும். காரணமும் அதேதான்: ஊசி ஊசியாக இருக்கும் கால்சியம் ஆக்சலேட் படிகங்கள் சதையில் குத்துகின்றன, கூடவே இருக்கும் லெக்டின் வகைப் புரதம் அழற்சியைக் கிளப்புகிறது.

நாம் கருணைக்குப் புளி போடுவதுபோல் அவர்கள் இதற்கு இஞ்சியும் படிகாரமும் போடுகிறார்கள். சீன மருந்தியல் நூலில் இஞ்சிப் பான்-ஷியாவுக்குக் கொடுத்திருக்கும் கணக்கு 100 கிலோ கிழங்குக்கு 25 கிலோ இஞ்சி, 12.5 கிலோ படிகாரம். முதலில் கிழங்கை நடுப்பாகம்வரை நனைய ஊறவைத்து, பிறகு இவற்றோடு சேர்த்து வேகவைப்பது. அதிமதுரமும் சுண்ணாம்பும் சேர்த்துப் பக்குவம் செய்கிற இன்னொரு வகை உண்டு, வெறும் படிகாரத்தோடு செய்கிற மூன்றாவது வகையும் உண்டு. பக்குவம் செய்யாத பச்சைப் பான்-ஷியா சீன அரசு 1988-ல் போட்ட நச்சு மருந்துகள் ஒழுங்குமுறையில், 28 நச்சுச் சரக்குகளில் ஒன்றாக இருக்கிறது. ஆர்சனிக்கும் எட்டிக்கொட்டையும் இருக்கிற பட்டியல் அது.

இன்னொரு சிக்கல், கலப்படம். பான்-ஷியா விலை கூடும்போது 'நீர்ப் பான்-ஷியா' என்ற வேறொரு செடியின் கிழங்கு அதன் பெயரில் சந்தைக்கு வருகிறது. பார்க்க ஒரே மாதிரி, ஆனால் மருந்தியல் நூல்படி ஒன்றுக்கு மற்றொன்று மாற்றில்லை. வாந்தியை அடக்கும் குணம் அதில் இல்லை என்பது சீன மருத்துவர்களின் பழைய புகார். மருந்து முழுக்க அந்தக் குணத்தை நம்பித்தானே நிற்கிறது!

யாருக்குப் பொருந்தும், யாருக்குப் பொருந்தாது

சீன மருத்துவத்தின் விதிகளுக்குள்ளேயே நின்று பார்த்தாலும் இது எல்லாச் சளிக்கும் அல்ல. ஈரச்சளிக்கு மட்டும். வெள்ளையாக, நிறைய, சுலபமாக வெளியே வருகிற சளி, கூடவே வயிறு மந்தம், பசியின்மை, உடம்பு கனம், நாக்கில் தடித்த வெண்படலம். இதுதான் இந்த மருந்தின் ஆள்.

மஞ்சளாகக் கெட்டியாகச் சளி, தொண்டை வலி, காய்ச்சல் என்றால் அது வெப்பச்சளி. வறட்டு இருமல், கொஞ்சமாக ஒட்டிக்கொண்டு வராத சளி, வாய் உலர்ச்சி என்றால் அது வறட்சி. இந்த இரண்டுக்கும் எர்-சென் தாங்கை அப்படியே கொடுக்கக்கூடாது, ஏனென்றால் இதன் சுபாவமே உலர்த்துவது, இருக்கிற வறட்சியை இன்னும் கூட்டும். சளியில் ரத்தம் வருபவர்களுக்கு அவர்களே கொடுப்பதில்லை.

சிங்கப்பூர், மலேசியாத் தமிழர் வீடுகளில் தெரிந்த பெய்-பா-கோ என்ற கறுப்புத் தேன்பாகு இதற்கு நேர் எதிர்த்திசை. அதிலும் பான்-ஷியா, ஃபு-லிங், அதிமதுரம் எல்லாம் இருக்கின்றன, ஆனால் லொக்காட் இலை, ஃப்ரிட்டில்லாரியா கிழங்கு, தேன் என்று ஈரப்பதம் கொடுக்கும் பொருட்கள்தான் அதை நடத்துகின்றன. வறண்ட தொண்டைக்கு அது இதமாக இருந்ததே, இதுவும் சீனச் சளி மருந்துதானே என்று எர்-சென் மாத்திரைக்கு மாறுபவர் சரியாக எதிர்ப்பக்கம் போகிறார்.

ஒரு வேர், பல கிளை

எர்-சென் தாங்கைத் தனியாகக் கொடுப்பதைவிட, அதன்மேல் கட்டிய மருந்துகளைக் கொடுப்பதே அதிகம். ஜின்செங்கும் பாய்-ட்ஜூ கிழங்கும் சேர்த்தால் லியூ-ஜுன்-ட்ஸி தாங். ஜப்பானில் இதன் பெயர் ரிக்குன்ஷிதோ, பசியின்மைக்கும் அஜீரணத்துக்கும் அங்கே மருத்துவமனைகளிலேயே எழுதிக்கொடுக்கிறார்கள். மூங்கில் தண்டுச் சீவலும் கைப்பு ஆரஞ்சுப் பிஞ்சும் சேர்ந்தால் தூக்கமின்மைக்கும் பதற்றத்துக்கும் தரும் வென்-தான் தாங். தலைசுற்றலுக்கு ஒன்று, வெப்பச்சளிக்கு ஒன்று என்று வரிசை போகும்.

கோவிட் காலத்தில் சீன அரசு 2020 பிப்ரவரியில் பரிந்துரைத்த 21 சரக்குக் கஷாயமான சிங்-ஃபெய் பாய்-து தாங்கைப் பிரித்துப் பார்த்தால், பான்-ஷியா, சென்-பி, ஃபு-லிங், அதிமதுரம், இஞ்சி என்று எர்-சென் தாங் அப்படியே உள்ளே உட்கார்ந்திருக்கும். 2021 மார்ச்சில் அதைக் குருணை வடிவில் விற்கவும் அனுமதி கிடைத்தது. அந்தச் செய்தியைப் படித்துவிட்டு எர்-சென் தாங் கோவிட் மருந்து என்று சிலர் எழுதினார்கள். ஐந்து சரக்கு பொதுவாக இருப்பதால் 21 சரக்கின் வேலையை அது செய்துவிடாது, தவிர அந்த 21 சரக்கின் பலனே இன்னும் விவாதத்தில்தான் இருக்கிறது.

ஆதாரம் எவ்வளவு

ஆய்வுகள் நிறைய, ஆனால் பெரும்பாலானவை சிறியவை. எந்த நோயாளி எந்த மருந்து குடிக்கிறார் என்பது மருத்துவருக்கும் நோயாளிக்கும் தெரிந்தே நடக்கின்றன. கசப்பும் வாசனையும் உள்ள கஷாயத்துக்குப் போலி மருந்து செய்வது கஷ்டம் என்பது உண்மைதான். அதைவிட முக்கியம், ஆய்வுக்கு ஆய்வு இரண்டு மூன்று சரக்கு கூட்டிக் குறைத்துவிடுகிறார்கள், கடைசியில் எந்த மருந்தைச் சோதித்தார்கள் என்றே சொல்லமுடியாமல் போகிறது. திடீர் மூச்சுக்குழல் அழற்சிக்குச் சீன மூலிகைகள் குறித்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்த காக்ரேன் அமைப்பும், வழக்கமாகப் பரிந்துரைக்கும் அளவுக்குத் தரமான தரவு இல்லை என்ற முடிவுக்குத்தான் வந்தது.

ஒப்பிட்டால் கிளை மருந்தான ரிக்குன்ஷிதோவின் நிலை கொஞ்சம் மேல். பசியைத் தூண்டும் கிரெலின் ஹார்மோன் குறைந்துபோன எலிகளில் அது அதைத் திரும்பக் கூட்டுவதாக ஜப்பானிய ஆய்வாளர்கள் கண்டார்கள். கவனித்தீர்களா, இங்கேயும் பலன் தெரிவது வயிற்றுப் பக்கத்தில்தான்.

மூலிகையிலிருந்து சளி மருந்து வரவே முடியாது என்றும் இதற்கு அர்த்தமில்லை. நம் ஆடாதோடையில் இருக்கும் வாசிசின் என்ற பொருளை வைத்துத்தான் ப்ரோம்ஹெக்சின் உருவானது. அதன் வழித்தோன்றலான அம்ப்ராக்ஸால் இன்று பல இருமல் சிரப்புகளில் இருக்கிறது. அங்கே ஒரு மூலக்கூறைப் பிரித்து, அளவு நிர்ணயித்து, சோதித்தார்கள். எர்-சென் தாங் அந்தப் பாதையில் போகவில்லை. நான்கும் சேர்ந்தால்தான் மருந்து என்பது அதன் கொள்கை.

கவனிக்க வேண்டிய ஆபத்துகள்

1. அதிமதுரம். அதிலுள்ள கிளைசிரைசின், கார்ட்டிசால் ஹார்மோனை அடக்கிவைக்கும் ஒரு நொதியை முடக்குகிறது. விளைவு: உடம்பில் உப்பும் நீரும் தங்கும், ரத்த அழுத்தம் ஏறும், பொட்டாசியம் இறங்கும், கால் வீங்கும், தசை தளரும். ஒரு நாளைக்கு 2.5 கிராமும் அதற்கு மேலும் அதிமதுரம் உள்ள தயாரிப்புகளைப் பொட்டாசியம் குறைந்தவர்களுக்குக் கொடுக்கவே கூடாது என்று ஜப்பானில் மருந்தோடு வரும் குறிப்பிலேயே எச்சரிக்கிறார்கள். சீனப் பாடப்புத்தக அளவு 4.5 கிராம் என்று மேலே பார்த்தோமே, அந்த எல்லையைத் தாண்டித்தான் நிற்கிறது. ஃப்யூரோஸ்மைட் போன்ற நீர்பிரி மாத்திரையோ இதயத்துக்கு டிகாக்சினோ சாப்பிடுபவர்கள் இதைத் தொடவே வேண்டாம். ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர்கள் மருத்துவரிடம் கேட்காமல் ஆரம்பிக்காதீர்கள்.

2. பான்-ஷியா பக்குவமானதா என்பது. தயார் மாத்திரையில் அட்டையைப் பார்க்கலாம். உதிரிச் சரக்காக வாங்கி வீட்டில் காய்ச்சுவதாக இருந்தால், எந்த வகை என்று தெரியாமல் காய்ச்சக்கூடாது. பான்-ஷியாவும் வத்சநாபி வகை நச்சுக் கிழங்குகளும் சேரக்கூடாது என்பது சீன மருத்துவத்தின் பதினெட்டு முரண்கள் என்ற பழைய விதி. கர்ப்பிணிகள் விஷயத்திலும் அவர்கள் எச்சரிக்கையாகத்தான் இருக்கிறார்கள், மசக்கை வாந்திக்குக் கொடுக்கும் வழக்கம் இருந்தாலும்கூட.

3. விளையாட்டு வீரர்கள். அமெரிக்காவின் உணவு மருந்து நிர்வாகம் 2004-ல் எஃபெட்ரின் வகை ஆல்கலாய்டு உள்ள ஊட்டப்பொருட்களைத் தடை செய்தபோது, அவை இருக்கக்கூடிய தாவரங்களில் ஒன்றாகப் பான்-ஷியாவையும் குறிப்பிட்டது. அப்படி அதில் இருந்தாலும் அது மிகச் சிறிய அளவுதான், ஆனாலும் ஊக்கமருந்துச் சோதனைக்குப் போகிறவர் எதற்கு வம்பு?

4. எங்கே வாங்குகிறோம் என்பது. சிங்கப்பூரில் சீனத் தயாரிப்பு மருந்துகள் சுகாதார அறிவியல் ஆணையத்தின் பட்டியலில் ஏறிய பிறகே விற்பனைக்கு வரவேண்டும், கன உலோகங்களுக்கு வரம்பும் உண்டு. இந்தியாவில் சீன மூலிகை மருத்துவம் ஆயுஷ் முறைகளில் இல்லை. இணையத்தில் வாங்கி வீட்டுக்கு வரும் பெட்டிக்குள் என்ன இருக்கிறது என்று இங்கே யாரும் உத்தரவாதம் தரப்போவதில்லை.

கடைசியாக ஒன்று. இந்தியாவில் இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் காசநோய்ச் சோதனை செய்ய வேண்டும் என்பது அரசின் காசநோய் ஒழிப்புத் திட்டத்தின் விதி, சோதனையும் அரசு மருத்துவமனைகளில் இலவசம். சளியில் ரத்தம், மூச்சுத்திணறல், மாலைக் காய்ச்சல், எடை குறைவது, இவற்றில் எது இருந்தாலும் அந்த இரண்டு வாரம்கூடக் காத்திருக்க வேண்டாம். முதலில் போய்ச் சளியைச் சோதனைக்குக் கொடுங்கள், கஷாயத்தைப் பற்றி அப்புறம் யோசிக்கலாம்.